‘சரிவரும்’ என்ற சொல்லுக்கு மூன்று அர்த்தம்: முதல் கொம்பியூட்டரைப் பூட்டப் போகிறவர்களுக்கு

கொழும்பு பம்பலப்பிட்டியில் கொம்பியூட்டர் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசாவில் எந்தக் கடையில் கொட்டேஷன் எடுத்தாலும் ஒரு சொல் காதில் விழாமல் போகாது. “அண்ணா, இந்த போர்டுக்கு இந்த புரொசஸர் சரிவருமா?” “ஓம் தம்பி, சரிவரும்.” சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று அர்த்தம் இருக்கிறது. செருகலாம் என்பது ஒன்று. செருகினால் ஓடும் என்பது இன்னொன்று. கொடுத்த காசுக்கு உரிய வேகத்தில், நாலைந்து வருடம் பழுதில்லாமல் ஓடும் என்பது மூன்றாவது. கடைக்காரர் முதலாவதைச் சொல்ல, வாங்குபவர் மூன்றாவதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்.

விலை எதையும் இங்கே எழுதவில்லை. டொலர் ஆடுகிற ஆட்டத்தில் இன்று எழுதிய விலை அடுத்த மாதம் சிரிப்புக்கிடமாகிவிடும். கொட்டேஷன் தொகைக்குள் 18 வீத வற் வரி சேர்ந்திருக்கிறதா, கார்டில் கட்டினால் விலை மாறுமா என்ற இரண்டை மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

புரொசஸரையும் மதர்போர்டையும் இரண்டு சாமானாக நினைக்கக் கூடாது. ஒன்றைத் தெரிந்தால் மற்றதும் பாதி தீர்மானமாகிவிடும். இப்போது புதிதாகப் பூட்டுபவர் பார்க்க வேண்டிய சொக்கெட்டுகள் (போர்டில் புரொசஸர் உட்காரும் இடம்) நாலுதான்: ஏஎம்டியில் ஏஎம்4, ஏஎம்5, இன்டெலில் எல்ஜிஏ1700, எல்ஜிஏ1851. ஏஎம்4 என்றால் டிடிஆர்4 தலைமுறை ரேம். ஏஎம்5, எல்ஜிஏ1851 இரண்டும் டிடிஆர்5. குழப்பம் எல்ஜிஏ1700இல்தான். அதே பி760 சிப்செட்டில் (போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) டிடிஆர்4 போர்டும் வருகிறது, டிடிஆர்5 போர்டும் வருகிறது. பெயரின் கடைசியில் ‘டி4’ என்ற ஒட்டு இருப்பதும் இல்லாததும்தான் வித்தியாசம், சிலதில் அதுவும் இருக்காது. இரண்டு ரேமிலும் அடியில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் மாறிச் செருக முடியாது. அழுத்திப் பார்த்தால் உடைவது போர்டின் ஸ்லொட். கொட்டேஷனில் ‘பி760 போர்ட்’ என்று மட்டும் எழுதியிருந்தால் முழு மொடல் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அடுத்தது, செருகலாம் ஆனால் ஓடாது என்ற வகை. இதற்குக் காரணம் அநேகமாக பயோஸ், அதாவது கொம்பியூட்டரை எழுப்பிவிடும், போர்டுக்குள்ளேயே பதிந்த மென்பொருள். ஒரு போர்ட் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளுக்குப் பிறகு பிறந்த புரொசஸரை அதற்குத் தெரியாது. பழைய பி450 போர்டில் ரைசன் 5000, பி660 போர்டில் 13ஆம், 14ஆம் தலைமுறை இன்டெல், பி650 போர்டில் ரைசன் 9000: மூன்றும் சொக்கெட்டில் பொருந்தும், பயோஸ் பழசாக இருந்தால் திரையில் ஒன்றும் வராது. பூட்டியவர் போர்ட் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போவார்.

போர்ட் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் ஒவ்வொரு மொடலுக்கும் புரொசஸர் பட்டியல் இருக்கிறது. அதில் உங்கள் புரொசஸரின் வரியில் கடைசி நிரலைப் பாருங்கள். எந்த பயோஸ் பதிப்பிலிருந்து அது ஓடும் என்று இருக்கும். சில போர்டுகளில் ஒரே பெயருக்குள் 1.0, 1.2 என்று திருத்தப் பதிப்புகளும் உண்டு, அந்த எண் போர்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். பட்டியலும் பதிப்புக்குப் பதிப்பு வேறு.

போர்டின் பின்பக்கம் பயோஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் இருந்தால் புரொசஸர் இல்லாமலே புதுப்பிக்கலாம். 32 ஜிபி அல்லது அதற்குக் குறைந்த ஒரு பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபோர்மட் செய்து, பயோஸ் கோப்பை மட்டும் அதில் போட்டு, கையேட்டில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே வைத்து, அதற்கென்று குறித்த யூஎஸ்பி துளையில் செருகுங்கள். பவர் சப்ளையின் 24 பின் கேபிளையும் 8 பின் கேபிளையும் கொடுத்துப் பொத்தானை அழுத்தினால் விளக்கு மினுங்கும். மினுங்கி முடியும்வரை, சில நிமிடம், எதையும் தொடக்கூடாது. இடி முழங்கும் மாலையில் இந்த வேலை வேண்டாம். பொத்தான் இல்லாத போர்ட் என்றால் காசு கட்டுமுன் கடையிலேயே புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள். பல கடைகள் முகம் சுளிக்காமல் செய்யும்.

புரொசஸர் பெயரின் கடைசி எழுத்து சின்னதாகத் தெரிந்தாலும் அதற்குப் பெரிய அர்த்தம் உண்டு. ஐ5-12400எஃப், ரைசன் 5 7500எஃப் போன்றவற்றின் ‘எஃப்’, திரைக்குப் படம் அனுப்பும் பகுதி அதில் வேலை செய்யாது என்பதற்கான குறி. ரைசன் 5 5600இல் எஃப் இல்லை, ஆனாலும் அதிலும் படம் வராது, 5600ஜியில்தான் வரும். திரைக்குப் படம் தரும் தனி கார்டான வீஜிஏ கார்டைப் “பிறகு பார்ப்போம்” என்று எஃப் புரொசஸரை வாங்கினால் அந்தப் ‘பிறகு’ வரும்வரை கொம்பியூட்டர் கறுப்புத் திரைதான். ஏஎம்5இல் ரைசன் 5 7600க்குள் சிறிய கிராஃபிக்ஸ் இருக்கிறது. கேம் விளையாட அது காணாது. விண்டோஸ் போடவும், கார்ட் பழுதானால் எது பழுது என்று கண்டுபிடிக்கவும் தாராளமாகப் போதும். முதன்முதலில் பூட்டுபவர் அந்தச் சிறு வித்தியாசத்துக்குக் காசு கொடுப்பது நல்லது என்பேன்.

புரொசஸரின் சூட்டை இறக்கும் கூலரும் இந்த இடத்திலேயே தீர்மானமாக வேண்டும். 5600, 7600 பெட்டிக்குள் கூலர் வருகிறது. 7600எக்ஸ், 9600எக்ஸ், இன்டெலின் ‘கே’ வகை பெட்டிகளில் அநேகமாக வராது. பழைய கூலர் கையில் இருந்தால் அதன் பிடியைப் பாருங்கள்: எல்ஜிஏ1200 வரை துளைகளுக்கிடையில் 75 மி.மீ., எல்ஜிஏ1700இல் 78 மி.மீ. மூன்று மில்லிமீற்றர்தானே என்று இழுத்துப் பூட்டினால் அழுத்தம் சரிசமமாக இராது, சூடு ஏறும்.

பாவித்த சாமான் வாங்குவோருக்கு ஒரு எச்சரிக்கை. இன்டெல் 13ஆம், 14ஆம் தலைமுறையின் ஐ7, ஐ9 வகைகளில் தேவைக்கு அதிகமான வோல்ட்டேஜ் ஏறி, புரொசஸர் மெல்ல மெல்லச் சேதமாகும் குறை இருந்தது. 2024 ஓகஸ்டிலும் செப்டெம்பரிலும் திருத்தம் வந்தது. திருத்தம் இனி வரும் சேதத்தைத் தடுக்கும், ஏற்கனவே கெட்டதைச் சரிசெய்யாது. பழைய பயோஸோடு இரண்டு வருடம் ஓடிய ஐ9 எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள். இதைவிட மலிவாக, ‘ஐ7 கொம்பியூட்டர்’ என்று எந்தத் தலைமுறை என்றே சொல்லாமல் விற்பதும் உண்டு. விண்டோஸ் 11க்கு இன்டெல் 8ஆம் தலைமுறை, ஏஎம்டி ரைசன் 2000 தொடக்கம்தான் அதிகாரபூர்வ இடம். விண்டோஸ் 10இன் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது.

ரேமுக்கு வருவோம். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றத்தில், 16 ஜிபியை ஒரே குச்சியாக வாங்கி மற்றதைப் பிறகு போடலாமா என்று கேட்காதவர் குறைவு. தனி வீஜிஏ கார்ட் இருந்தால் ஒரு குச்சியோடு சமாளிக்கலாம். 5600ஜி மாதிரி உள்ளே கிராஃபிக்ஸ் உள்ள புரொசஸர் என்றால் கூடவே கூடாது. அதற்குத் தனி நினைவகம் கிடையாது, ரேமைத்தான் பாவிக்கிறது. ஒரு குச்சி போட்டால் பாதை பாதியாகிறது, படமும் திக்கத் தொடங்கும். இரண்டு குச்சியை நாலு ஸ்லொட் போர்டில் போடும்போது புரொசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஓடும், ஒற்றைப் பாதையில்.

பெட்டியில் 3200 என்று போட்ட டிடிஆர்4 ரேம் பெரும்பாலும் தானாக அந்த வேகத்துக்குப் போகாது. 2133, 2400, 2666 என்று ஏதாவதொன்றில் நிற்கும். டிடிஆர்5 4800 அளவில் நிற்கும். பயோஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற, ரேமின் முழு வேகத்துக்கான அமைப்பை ஒருமுறை இயக்கிவிட்டால் முடிந்தது. ஏஎம்5க்கு 6000 வேகத்தில் இரண்டு குச்சி நல்ல இடம். அதே போர்டில் நாலு குச்சி போட்டால் ஏஎம்டி உறுதி சொல்லும் வேகம் 3600க்கு இறங்கிவிடும். ஆகவே 32 ஜிபி வேண்டுமானால் பதினாறு பதினாறாக இரண்டு. எட்டு எட்டாக நாலு வேண்டாம்.

வீஜிஏ கார்டில் ‘சரிவரும்’ என்பதற்கு மூன்றாவது அர்த்தம் அதிகம் உதைக்கிறது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நீளமான ஸ்லொட்டில் உட்கார்ந்தாலும் பாவிப்பது நாலு லேன் (தரவு போகும் பாதை) மட்டும். கார்டைச் செருகும் இணைப்பு பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 ஆக உள்ள போர்டில் அது தாக்குப்பிடிக்கும். 3.0 போர்டில், அல்லது 3.0 மட்டும் பேசும் 5600ஜியோடு போட்டால், 4 ஜிபி நினைவகம் நிரம்பும் கேம்களில் நன்றாகவே விழும். ஆர்டிஎக்ஸ் 4060 எட்டு லேன். பழைய போர்டில் இழப்பு உண்டு, கவலைப்படும் அளவுக்கு இல்லை. பழைய மெஷினுக்கு மலிவான கார்ட் தேடுபவருக்குத்தான் இந்தக் கணக்கு முக்கியம், அவரிடம்தான் இதை யாரும் சொல்வதில்லை. பாவித்த ஆர்எக்ஸ் 580 வாங்குவதாக இருந்தால் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் ஷேடர் (படம் வரையும் சிறு அலகுகள்) எண்ணிக்கையைப் பாருங்கள். 2304 இருக்க வேண்டும். 2048 என்று இருந்தால் அது அதே பெயரில் வந்த குறைந்த வகை.

போர்டிலேயே நேரே செருகும் ஒடுங்கிய பலகை வடிவ எம்.2 எஸ்எஸ்டியில் சொல்ல அதிகம் இல்லை. ஒரே வடிவத்தில் வேகம் குறைந்த சாட்டா வகையும் வேகம் கூடிய என்விஎம்ஈ வகையும் உண்டு, போர்டின் ஸ்லொட் எதை ஏற்கும் என்று கையேட்டில் பாருங்கள். சில போர்டுகளில் இரண்டாவது எம்.2வில் எஸ்எஸ்டி போட்டால் சாட்டா துளைகளில் ஒன்றிரண்டு அணைந்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க் ‘செத்துப்போனது’ போலத் தெரிவது சிலவேளை அதனால்தான். எம்.2வைப் பிடிக்கும் பொடி ஸ்க்ரூ போர்ட் பெட்டிக்குள் ஒரு சின்னப் பையில் இருக்கும், அட்டையோடு எறிந்துவிடாதீர்கள்.

கேசிங் வாங்கும்போது மூன்று அளவைக் குறித்துக்கொண்டு போங்கள்: போர்டின் அளவு (ஏடிஎக்ஸ் 305க்கு 244 மி.மீ., மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244), கார்டின் நீளம், கூலரின் உயரம். கோபுரக் கூலர்கள் 155 முதல் 160 மி.மீ. வரை இருக்கும், ஒடுக்கமான கேசிங்கில் பக்கக் கதவு மூடாது. முன்பக்கம் முழுக் கண்ணாடியாக உள்ள கேசிங் அழகுதான். ஆனால் ஏசி இல்லாத கொழும்பு அறையில் பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டிவிடும், அந்தக் காற்றையாவது உள்ளே விட வேண்டாமா? வலைக்கண் முகப்பும் கழற்றிக் கழுவக்கூடிய தூசித் தட்டியும் உள்ளதைத் தேடுங்கள். நிற விளக்கு வேண்டுமென்றால் ஒரு விஷயம்: மூன்று பின் விளக்கு 5 வோல்ட், நாலு பின் விளக்கு 12 வோல்ட். 5 வோல்ட் விளக்கை 12இல் கொடுத்தால் அன்றோடு அதன் கதை முடிந்தது.

இனி பவர் சப்ளை. கொட்டேஷனில் கடைசி வரியாக, ‘கேசிங் வித் பவர்’ என்று ஒரே தொகையில் எழுதப்படுவது இதுதான். காசு குறைய வேண்டுமென்றால் முதலில் கை வைப்பதும் இதில்தான். மற்ற எல்லாவற்றிலும் பிழைவிட்டால் அந்தச் சாமான் மட்டும் வேலை செய்யாது, இதில் விட்டால் மற்றவையும் சேர்ந்து போகும்.

பெட்டியின் முகப்பில் உள்ள 500 வாட்டை விட்டுவிட்டு, சப்ளையின் பக்கத்தில் ஒட்டியுள்ள அட்டவணையைப் பாருங்கள். ‘+12 வோல்ட்’ என்ற நிரலின் கீழ் ஒரு அம்பியர் எண் இருக்கும். அதை 12ஆல் பெருக்குங்கள். 18 அம்பியர் என்றால் 216 வாட். புரொசஸரும் வீஜிஏ கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட்டிலிருந்துதான் இழுக்கின்றன, ஆகவே உங்களுக்கு உண்மையில் கிடைப்பது அந்த 216. மிச்சம் 3.3, 5 வோல்ட் வரிகளில் கணக்குக் காட்டிய வாட். ஒழுங்கான 550 வாட் சப்ளையில் 12 வோல்ட் நிரலில் 45 அம்பியர் அளவு இருக்கும், பெருக்கினால் 540.

தேவையைக் கணக்கிடுவதும் கடினமில்லை. ஐ5-12400எஃப் உச்சத்தில் 117 வாட். ஆர்டிஎக்ஸ் 4060 115 வாட். போர்ட், ரேம், எஸ்எஸ்டி, விசிறிகள் எல்லாவற்றுக்கும் 60 போடுங்கள். கூட்டினால் 292. கார்டுகள் கணப்பொழுதில் இதைத் தாண்டித் துள்ளும் என்பதால் நல்ல 550 போதும், 750க்கு ஓட வேண்டியதில்லை. அந்த 216 வாட் சப்ளையில் இதே கூட்டு விண்டோஸில் அமைதியாக ஓடும். கேம் தொடங்கிப் பத்தாவது நிமிடம் அணையும். வீஜிஏ கார்ட் பழுது என்று கடைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே கடையின் நல்ல சப்ளையில் அது அழகாக ஓடும்.

சப்ளையின் பின்னால் 115, 230 என்று சிவப்பு நிறச் சின்ன சுவிட்ச் இருந்தால் முதலில் அது 230இல் இருக்கிறதா என்று பாருங்கள். 115இல் விட்டு நம் கரண்டைக் கொடுத்தால் வெடிச் சத்தம் கேட்கும். புரொசஸருக்கான 8 பின் கேபிள் நாலு நாலாகப் பிரியும், வீஜிஏயின் 8 பின் ஆறும் இரண்டுமாகப் பிரியும். இரண்டிலும் 12 வோல்ட்டும் எர்த்தும் எதிரெதிர்ப் பக்கம். வடிவம் மாறிச் செருகவிடாமல் தடுக்கும், பலம் போட்டால் தடுக்காது. கழற்றிப் பூட்டும் கேபிள் உள்ள சப்ளையில், இன்னொரு சப்ளையின் கேபிளைப் பாவிக்கவே கூடாது. துளை ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே கம்பி வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு, ஹார்ட் டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் ஒரு நொடியில் போய்விடும்.

சுவரில் உள்ள பிளக்கும் கொம்பியூட்டரில் சேர்ந்ததுதான். சப்ளையோடு வரும் கேபிள் சிலவேளை இரண்டு உருண்டைப் பின் கொண்ட ஐரோப்பிய வகை. அதை எர்த் இல்லாத அடப்டரில் போட்டுக் கொடுத்தால் கேசிங்கைத் தொடும்போது விரல் சுறுசுறுக்கும். சப்ளைக்குள் உள்ள வடிகட்டி, எர்த் கிடைக்காதபோது கேசிங்கில் ஏறத்தாழ 115 வோல்ட்டை மிதக்கவிடுகிறது. அதில் வரும் கரண்ட் கொஞ்சம்தான், ஆளைக் கொல்லாது. ஆனால் அந்த நிலையில் எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றிச் செருகினால் துளை எரிய இடமுண்டு. 13 அம்பியர் சதுரப் பின் கொண்ட, உள்ளே ஃபியூஸ் உள்ள கேபிளாக வாங்குங்கள். புறக்கோட்டையில் கிடைக்காத சாமானா அது? வீட்டு எர்த்தே சரியில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதுதான் வழி.

யூபிஎஸ் கட்டாயமா என்றால், 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டு நாடே இருண்டதாக அமைச்சர் சொன்ன ஊர் இது. மேலே சொன்ன கூட்டுக்கு 650 விஏ யூபிஎஸ் சேமித்து அணைக்கச் சில நிமிடம் தரும், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். பொருத்தம் இதிலும் உண்டு. மலிவான யூபிஎஸ் தருவது சுவர் கரண்ட் போன்ற சீரான சைன் அலையல்ல, படிப்படியான அலை. ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள நல்ல சப்ளைகளில் சில, பற்றரிக்கு மாறும் அந்தக் கணத்தில் அதை ஏற்காமல் அணைந்துவிடும். வாங்கிய அன்றே கேம் ஒன்றை ஓடவிட்டுச் சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். அணைந்தால் சைன் அலை தரும் யூபிஎஸுக்கு மாற்றிக்கொள்ள அன்றுதான் கடைக்காரர் மனம் வைப்பார்.

பில்லின் அடியில் உள்ள பொடி எழுத்தை நின்று வாசியுங்கள். நம் ஊர்க் கடை பில்களில் ஒரு வருட வொரண்டி என்றால் 350 நாள் என்று எழுதியிருப்பது சாதாரணம். எரிந்த தடம், மின்னல், கரண்ட் ஏற்ற இறக்கம், துருப்பிடிப்பு எல்லாம் விலக்கு. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடிமழை; வெள்ளவத்தை, தெஹிவளை கடல்பக்க மாடிகளில் உப்புக் காற்று. இங்கே சாமான் கெடும் காரணங்களில் பாதி அந்த விலக்குப் பட்டியலுக்குள் இருக்கிறது. மழை இருட்டினால் பிளக்கைக் கழற்றுங்கள், ரவுட்டருக்குப் போகும் கம்பியையும் சேர்த்து. ஒவ்வொரு சாமானின் சீரியல் எண்ணும் பில்லில் தனித்தனியாக இருக்க வேண்டும், ‘பிசி ஒன்று’ என்று ஒரே வரியில் வாங்கி வராதீர்கள்.

எல்லாம் கைக்கு வந்ததும் நேரே கேசிங்குக்குள் பூட்ட வேண்டாம். போர்ட் வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே போர்டை வைத்து, புரொசஸர், கூலர், ஒரு ரேம், பவர் சப்ளை மட்டும் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். உள்ளே கிராஃபிக்ஸ் இல்லாத புரொசஸர் என்றால் கார்டும் வேண்டும். கூலரின் அடியில் உள்ள பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டீர்களா? கேசிங்கில் போர்டைத் தாங்கும் பித்தளைக் கால்களை போர்டின் துளைகளோடு ஒத்துப் பாருங்கள். துளை இல்லாத இடத்தில் ஒரு கால் மிஞ்சி நின்றால் அது போர்டின் பின்பக்கத்தில் முட்டி ஷோர்ட் ஆகும்.

ஏஎம்5 போர்ட் முதல் தடவை ஓடும்போது ரேமைப் பழகச் சில நிமிடம் எடுக்கும். விசிறி சுற்றும், திரை கறுப்பாக இருக்கும். பதறி அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. பத்து நிமிடம் பொறுங்கள். அதற்குப் பிறகும் படம் வராவிட்டால், எதையும் கழற்றுமுன், மொனிட்டர் கேபிள் போர்டில் செருகியிருக்கிறதா, வீஜிஏ கார்டில் செருகியிருக்கிறதா என்று கேசிங்கின் பின்னால் எட்டிப் பாருங்கள். கார்ட் பூட்டியிருந்தால் அது கார்டில்தான் இருக்க வேண்டும்.